'காப்பி ஆயிருச்சு' என்று காட்டிய பிறகும் பென் டிரைவை ஏன் உடனே எடுக்கக் கூடாது? கம்ப்யூட்டர் திணறுவது எதனால்?

"அண்ணே, காப்பி ஆயிருச்சா?"

"ஆயிருச்சு, எடுத்துக்கோங்க."

ராமநாதபுரம், பரமக்குடி, ராமேஸ்வரம் பக்கம் எந்த போட்டோ ஸ்டூடியோவிலும், ஜெராக்ஸ் கடையிலும் நாள் முழுக்கக் கேட்கும் பேச்சு இது. திரையில் 100 சதவீதம் என்று காட்டியிருக்கும். பென் டிரைவும் கைமாறிவிடும். வீட்டுக்குப் போய் டிவியில் சொருகினால், சரியாகத் தாலி கட்டும் இடத்தில் வீடியோ நின்றுபோகும். சில நேரம் ஃபோல்டரே திறக்காது.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. காப்பி மளமளவென்று ஓடி, 90 சதவீதத்தைத் தாண்டியதும் அசையாமல் நிற்கும். 'இன்னும் 5 வினாடி' என்று காட்டிக்கொண்டே பத்து நிமிடம் ஓடிவிடும். அதற்குள் பிரவுசர் உறைந்துவிடும், மவுஸ் தத்தித் தத்தி நகரும். 'வைரஸ் புகுந்துடுச்சு' என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதில்லை.

இந்த இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றுதான். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களே 2013-ல் இதைப் பற்றி வெளிப்படையாக விவாதித்திருக்கிறார்கள்.

காப்பி செய்யும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை திரும்பும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படகில் இருந்து மீன் கூடைகள் மளமளவென்று இறங்கி ஏலத் தளத்தில் குவியும். படகுக்காரரைப் பொறுத்தவரை சரக்கு இறங்கிவிட்டது, வேலை முடிந்தது. ஆனால் மீன் இன்னும் ஐஸ் கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை. அதை ஏற்றிப் போக ஒரே ஒரு சின்ன ஆட்டோதான் நிற்கிறது.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒரு கோப்பை பென் டிரைவுக்கு அனுப்பினால், அது முதலில் ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் போய்க் குவிகிறது. ராம் மிக வேகமானது என்பதால் சில வினாடிகளில் வேலை முடிந்துவிடும். திரையும் '100 சதவீதம்' என்று சொல்லிவிடும். அதன்பிறகுதான் இயங்குதளம் பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாக அதை பென் டிரைவில் எழுதுகிறது. இன்னும் எழுதி முடிக்காத இந்தத் தகவலுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர் 'டர்ட்டி' பக்கங்கள். அழுக்கு என்று அர்த்தமில்லை, பாக்கி இருக்கிறது என்று பொருள்.

ஏலத் தளம் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? அடுத்து வரும் படகுகள் சரக்கை இறக்க முடியாமல் காத்து நிற்க வேண்டும். அவற்றின் மீனை ஏற்றிப் போகப் பெரிய லாரி தயாராக நின்றாலும் பிரயோஜனமில்லை, தளத்தில் இடமில்லையே! கம்ப்யூட்டர் மொத்தமும் திணறுவது இப்படித்தான். பென் டிரைவ் அந்தச் சின்ன ஆட்டோ. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி அந்தப் பெரிய லாரி. பென் டிரைவோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரவுசர்கூட, தன் ஹிஸ்டரியில் ஒரு வரி எழுத முடியாமல் காத்து நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

பாக்கி வைக்க லினக்ஸ் இரண்டு வரம்புகளை வைத்திருக்கிறது. காலியாகக் கிடைக்கக்கூடிய ராமில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பின்னணியில் எழுதும் வேலை தொடங்கும். 20 சதவீதத்தை நெருங்கினால், எழுதும் புரோகிராம்களையே இயங்குதளம் பிடித்து நிறுத்தும். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவசரம் காட்டாது. பாக்கி 30 வினாடி பழசான பிறகுதான் பொதுவாக எழுதத் தொடங்கும்.

8 ஜிபி ராம் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் 6 ஜிபி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்பது சுமார் 1,200 எம்பி. மலிவான பென் டிரைவ்கள் பல, வினாடிக்கு 5 எம்பி அளவில்தான் எழுதும். 1,200 எம்பியை எழுதி முடிக்க 240 வினாடி, அதாவது 4 நிமிடம் ஆகும். திரை 'முடிந்தது' என்று சொன்ன பிறகும் 4 நிமிட வேலை பாக்கி கிடக்கலாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். 4 ஜிபி கல்யாண வீடியோ என்றால் மொத்தமாக 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். முதல் 1 ஜிபி பறந்துபோவதும், பிறகு ஓட்டம் திடீரென்று படுத்துவிடுவதும் இதனால்தான்.

பென் டிரைவின் குணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பல பென் டிரைவ்களில் வேகமாக எழுதக்கூடிய ஒரு சிறு பகுதி இருக்கும். அது நிரம்பும்வரை வினாடிக்கு 20, 30 எம்பி ஓடும். நிரம்பியதும் 5-க்கும் கீழே இறங்கும். அட்டையில் 'யுஎஸ்பி 3' என்று பெரிதாக அச்சிட்டிருப்பது இணைப்பின் வேகத்தைத்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் சிப்பின் எழுதும் வேகத்தை அல்ல. கடையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

2013-ல் கிளம்பிய விவாதம்

2013 அக்டோபரில், 16 ஜிபி ராம் வைத்திருந்த ஒரு பயனர் லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர்களிடம் இதைப் புகாராகவே கொண்டுபோனார். வேகம் குறைந்த யுஎஸ்பி சாதனத்துக்கு காப்பி செய்தால் உடனே முடிந்ததாகக் காட்டுகிறது, ஆனால் சாதனத்தை வெளியே எடுக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் குறை. 16 ஜிபியில் 20 சதவீதம் என்றால் 3 ஜிபிக்கும் மேல் பாக்கி சேரும்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் குறையை ஒப்புக்கொண்டார். சதவீதக் கணக்கு என்பதே கம்ப்யூட்டர்களில் 8 முதல் 64 எம்பி வரை மட்டும் ராம் இருந்த காலத்தில் வந்தது என்பது அவர் சொன்ன விளக்கம். அன்று அது சில எம்பிதான். ராம் ஜிபி கணக்கில் வளர்ந்தபோது, வரம்பும் சத்தமில்லாமல் கூடவே வளர்ந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் அப்போது வெளியே வந்தது. பழைய 32-பிட் கம்ப்யூட்டர்களில் ராம் எவ்வளவு இருந்தாலும், இந்த வரம்பு முதல் 896 எம்பியை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. அதனால் பாக்கி 180 எம்பியைத் தாண்டாது. 64-பிட்டுக்கு மாறியதும் அந்தத் தடை போய்விட்டது. பழைய கம்ப்யூட்டரில் ஒழுங்காக வேலை செய்த பென் டிரைவ், புதிதாக வாங்கிய நல்ல கம்ப்யூட்டரில் தகராறு செய்வது பலரையும் குழப்பிய விஷயம். பழுது பென் டிரைவில் இல்லை. காசு கொடுத்து ராமைக் கூட்டியதும் குவியல் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதன்பிறகு சில திருத்தங்கள் வந்தன. 2017-ல் வெளியான 4.10 பதிப்பில், பின்னணியில் எழுதும் வேலை மற்ற வேலைகளை நசுக்காதபடி கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை ஜென்ஸ் ஆக்ஸ்போ சேர்த்தார். 2023-ல் வந்த 6.2 பதிப்பில், ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியாகக் கறாரான வரம்பு வைக்க வழி பிறந்தது. ஆனால் அது தானாக இயங்காது, யாராவது செட் செய்து வைக்க வேண்டும். 10, 20 என்ற அந்தப் பழைய சதவீதங்களும் இன்றுவரை அப்படியேதான் இருக்கின்றன.

இது தமிழ்நாட்டில் யாருக்குச் சிக்கல்?

லினக்ஸ் என்றதும் ஐடி கம்பெனி விவகாரம் என்று கடந்துபோக வேண்டாம். தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது, அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் போட்டுக் கொடுக்கப்பட்டது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம். டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு மொபைலின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான்.

இந்தக் கடற்கரையில் பென் டிரைவுக்கு இருக்கும் மதிப்பும் தனி. துபாயிலும் மலேசியாவிலும் இருக்கும் சொந்தங்களுக்குக் கல்யாண வீடியோ போவது பென் டிரைவில். பாம்பனில் மீனவர்களுக்காக 90.4 அலைவரிசையில் 'கடல் ஓசை' சமுதாய வானொலி இயங்குகிறது. அது போன்ற நிலையங்களில் பதிவாகும் முதியவர்களின் குரலும், கடல் பாட்டும், எந்த வழியில் கைமாறினாலும் கடைசியில் கோப்புகள்தான். ஒருமுறை போனால் மறுபடி பாடிப் பதிவு செய்ய அந்தப் பாட்டி இல்லாமல்கூடப் போகலாம்.

'கட்' செய்து 'பேஸ்ட்' செய்பவர்கள் கவனிக்க!

மொத்த விஷயத்திலும் ஆபத்தான இடம் இதுதான்.

'காப்பி' செய்தால் மூலக் கோப்பு கம்ப்யூட்டரிலேயே இருக்கும். பென் டிரைவில் கெட்டுப்போனாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்தால் கதை வேறு. கோப்பை அனுப்பி முடித்ததாக நினைத்ததும், மூலக் கோப்பு அழிக்கப்பட்டுவிடும். ஆனால் அந்த நேரத்தில் தகவல் பென் டிரைவில் ஏறியிருக்காது, ராமில்தான் நிற்கும். அந்த இடைவெளியில் பென் டிரைவைப் பிடுங்கினாலோ, கரன்ட் போனாலோ கோப்பு இரண்டு இடத்திலும் இருக்காது. லேப்டாப்பில் பேட்டரி காப்பாற்றும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அந்த நிமிடமே எல்லாம் போச்சு.

'ரெக்கவரி கடையில் கொடுத்தால் எடுத்துத் தருவாங்களே?' என்று கேட்கலாம். அழிக்கப்பட்ட கோப்பை மீட்க முடியும். அதற்கு 'போட்டோரெக்' போன்ற இலவச மென்பொருள்களே இருக்கின்றன. ஆனால் பென் டிரைவில் எழுதப்படவே இல்லாத ஒன்றை, அந்த பென் டிரைவில் இருந்து யாராலும் மீட்க முடியாது. முயற்சி செய்வதென்றால் மூலக் கோப்பு இருந்த மெமரி கார்டில் அல்லது ஹார்ட் டிஸ்க்கில்தான் செய்ய வேண்டும். அதுவும் அதில் புதிதாக எதையும் எழுதுவதற்கு முன்பு.

கேமரா கார்டில் இருந்து நகர்த்தும்போது காப்பி மட்டும் செய்யுங்கள். பென் டிரைவை ஒருமுறை வெளியே எடுத்து, மறுபடி சொருகி, கோப்பைத் திறந்து பார்த்த பிறகு கார்டை அழிக்கலாம். சொருகி எடுப்பது ஏன் முக்கியம்? எடுக்காமல் திறந்து பார்த்தால், ராமில் இருக்கும் பிரதியையே காட்டி 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று கம்ப்யூட்டர் உங்களை ஏமாற்றிவிடும்.

காப்பி பாதியில் நின்றால் முதலில் எதைப் பார்ப்பது?

பிடுங்கக் கூடாது, ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. மெதுவாக ஓடுகிறதா, நிஜமாகவே நின்றுவிட்டதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பென் டிரைவில் விளக்கு இருந்தால் அது சிமிட்டுகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் இன்னும் துல்லியமான வழி உண்டு. 'ப்ராக்' டைரக்டரியில் 'மெம்இன்ஃபோ' என்ற கோப்பில் 'டர்ட்டி', 'ரைட்பேக்' என இரண்டு வரிகள் இருக்கும். எழுதப்படாத பாக்கி எவ்வளவு என்பது அதில் தெரியும். சில வினாடிக்கு ஒருமுறை பார்த்தால், எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும். இறங்கினால் வேலை நடக்கிறது. டீ குடித்துவிட்டு வரலாம். பல நிமிடங்களாக அதே எண் அசையாமல் நின்றால் சாதனத்தில்தான் கோளாறு.

டெர்மினல் திறக்கத் தெரிந்தவர்களுக்கு 'சிங்க்' என்ற கட்டளை போதும். ஆங்கிலத்தில் எஸ், ஒய், என், சி என நான்கே எழுத்து. பாக்கி முழுவதும் எழுதி முடியும்வரை அது காத்திருக்கும். முடிந்ததும் அடுத்த வரிக்கு வரும். மற்றவர்கள் ஃபைல் மேனேஜரில் பென் டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 'எஜெக்ட்' குறியை அழுத்தினால் அதே வேலை நடக்கும். 'இப்போது எடுக்கலாம்' என்ற தகவல் வரும்வரை பொறுமை வேண்டும்.

இந்த நேரத்தில் காப்பி புரோகிராமை 'ஃபோர்ஸ் குயிட்' கொடுத்து மூடப் பார்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது மூடாது. சாதனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் புரோகிராமைக் குறுக்கே நிறுத்த இயங்குதளமே பொதுவாக அனுமதிப்பதில்லை. 120 வினாடிக்கு மேல் ஒரு புரோகிராம் இப்படி மாட்டிக்கொண்டால், லினக்ஸ் தன் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கையை எழுதி வைக்கும்.

அந்தப் பதிவேட்டைப் படிக்க டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துக் கட்டளை இருக்கிறது. யுஎஸ்பி 'ரீசெட்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தாலோ, 'ஐ/ஓ எரர்' என்று வந்தாலோ காத்திருந்து பயனில்லை. எரர் எண் மைனஸ் 71 என்றால் கேபிள் அல்லது இணைப்பு முனையைச் சந்தேகிக்கலாம். மைனஸ் 110 என்றால் சாதனம் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் 30 வினாடி காத்திருந்து, ரீசெட் செய்து, மறுபடி மறுபடி முயற்சி செய்வதால்தான் கோளாறான பென் டிரைவ் நிமிடக்கணக்கில் கம்ப்யூட்டரைக் கட்டிப்போடுகிறது.

உப்புக் காற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பாம்பன் பகுதியின் அரிக்கும் காற்று பெயர் பெற்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலோக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றில்தான் கடையின் யுஎஸ்பி போர்ட்டும் ஆண்டுக்கணக்கில் திறந்து கிடக்கிறது. உலோக முனையில் பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்தால் இணைப்பு விட்டு விட்டு வரும். ஒவ்வொரு முறையும் ஒரு ரீசெட். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பென் டிரைவின் முனையைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சொருகலாம். வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தைத்தான் சேர்க்கும்.

வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க் என்றால் மின்சாரமும் ஒரு காரணம். யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைதான் கொடுக்கும். யுஎஸ்பி 3 போர்ட் 900 வரை. மலிவான ஹப் வழியாகவோ, நீளமான கேபிள் வழியாகவோ இணைத்தால் டிஸ்க்குக்குத் தேவையான கரன்ட் போகாது. டெஸ்க்டாப்பில் முன்பக்கத்து போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கத்து போர்ட்டில் நேராகச் சொருகினாலே பாதிப் பேருக்குத் தொல்லை தீர்ந்துவிடும்.

எந்த கம்ப்யூட்டரில் போட்டாலும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் நிற்கிறது அல்லது கோப்பு கெடுகிறது என்றால் அது போலி பென் டிரைவாக இருக்கலாம். உள்ளே 8 ஜிபி வைத்து, 128 ஜிபி என்று பொய் சொல்லும் சிப்புகள் சந்தையில் உலவுகின்றன. லினக்ஸில் 'எஃப்3', விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' ஆகிய இலவசக் கருவிகள் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்த்துக் குட்டை உடைத்துவிடும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய வழி என்ன?

சாதனம் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் திணறுகிறது என்றால், ஏலத் தளத்தைச் சின்னதாக்குவதுதான் வழி. சதவீதத்துக்குப் பதில் நேரடி அளவாக வரம்பு வைக்க லினக்ஸில் 'டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்', 'டர்ட்டி பைட்ஸ்' என இரண்டு அமைப்புகள் உள்ளன. முதலாவதற்கு 16 எம்பி (16777216), இரண்டாவதற்கு 48 எம்பி (50331648) என்று வைப்பது பலரும் கையாளும் முறை. 'சிஸ்கன்ட்ரோல்' அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால் ரீஸ்டார்ட் செய்தாலும் நிலைக்கும். பைட் அளவில் வைத்ததும் சதவீத வரம்பு தானாகச் செயலிழந்துவிடும்.

இதன்பிறகு காப்பி 'மெதுவாக' ஓடுவது போலத் தெரியும். உண்மையில் வேகம் குறையவில்லை. திரை பொய் சொல்வதை நிறுத்திவிட்டது. பாக்கி அதிகபட்சம் 48 எம்பி என்பதால் 100 சதவீதம் வந்த பிறகு சுமார் 10 வினாடிக்குள் வேலை முடியும். ஒரு குறையும் உண்டு: இந்த வரம்பு கம்ப்யூட்டர் முழுமைக்கும் பொருந்துவதால், எஸ்எஸ்டியில் பெரிய வீடியோ எடிட் செய்பவர்களுக்கு வேகம் சற்றுக் குறையலாம். அவர்கள் 200 எம்பி அளவில் வைத்துப் பார்க்கலாம். 'சிங்க்' முறையில் பென் டிரைவை மவுன்ட் செய்யச் சொல்லும் யோசனையும் சிலர் தருவார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொரு துணுக்கையும் தனித்தனியாக எழுதுவதால் வேகம் படுமோசமாகும், பென் டிரைவும் சீக்கிரம் தேயும்.

விண்டோஸிலும் மொபைலிலும் எப்படி?

விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு 2018-ல் வந்தபோது, யுஎஸ்பி சாதனங்களுக்கு 'குயிக் ரிமூவல்' என்பதையே இயல்பான அமைப்பாக மைக்ரோசாஃப்ட் மாற்றியது. அதனால் அதில் எழுதாத பாக்கி பெரிதாகச் சேருவதில்லை. ஆனாலும் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்பு கெடத்தான் செய்யும். 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்று யாராவது மாற்றி வைத்திருந்தால் பழைய ஆபத்து அப்படியே திரும்பிவிடும்; கடை கம்ப்யூட்டர்களில் இதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மொபைலில் ஓடிஜி வழியாக பென் டிரைவ் சொருகுபவர்கள், ஃபைல் மேனேஜரில் 'முடிந்தது' என்று வந்ததும் இழுத்துவிடுகிறார்கள். நோட்டிஃபிகேஷனை இறக்கினால் பென் டிரைவ் பெயருக்குக் கீழே 'எஜெக்ட்' இருக்கும். இல்லையென்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் கிடைக்கும். பெரிய வீடியோவை மாற்றுவதற்கு முன் மொபைலில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். பென் டிரைவுக்கு வேண்டிய மின்சாரமும் அந்த பேட்டரியில் இருந்துதான் போகிறது.